சுக்கான் பிடித்த செனட்டர்

1862 மே 13, விடியாத வேளை. அமெரிக்க உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தது. தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘பிளான்டர்’ என்ற நீராவிக் கப்பல் கிளம்பியது. வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கிவிட்டார்கள். சுக்கானைப் பிடித்திருந்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ்; வயது 23; பிறவி அடிமை. வழியில் மனைவி மக்களையும் தோழர்களின் குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியை அணிந்தபடி, சம்டர் கோட்டையைக் கடக்கும்போது முறைப்படி ஊதல் ஒலித்தார். காவலர்களுக்குச் சந்தேகம் எழவில்லை. பீரங்கிக்கு எட்டாத தொலைவு போனதும் வெள்ளைத் துணியைக் கொடியாக ஏற்றி, வட மாநிலத்தாரின் (வடவர்) கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். 16 பேர் அன்று விடுதலை பெற்றார்கள்.

ஸ்மால்ஸின் கதையைப் பலரும் இந்த இடத்தோடு முடித்துவிடுகிறார்கள். அவருடைய பெரிய போர் பிறகுதான் தொடங்கியது.

வடவர் பக்கம் நின்று பல சண்டைகளில் கப்பல் ஓட்டினார். 1863 இறுதியில் ‘பிளான்டர்’ குண்டுமழையில் சிக்கியபோது, அதன் கேப்டன் நிலக்கரி அறையில் பதுங்கினார். ஸ்மால்ஸ் பொறுப்பேற்றுக் கப்பலை மீட்டார். கேப்டன் பதவியும் பெற்றார். பியூஃபோர்ட் ஊரில் தம் பழைய எஜமானரின் வீட்டையே வரிபாக்கி ஏலத்தில் வாங்கினார்.

1868இல் மாநிலத்துக்குப் புதிய அரசியல் சட்டம் எழுத ஒரு மன்றம் கூடியது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். வயதுவந்த பிறகே எழுதப் படிக்கக் கற்ற ஸ்மால்ஸ், எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் பொதுப்பள்ளி வேண்டுமென்று அங்கே வாதாடினார். அந்தச் சட்டத்தில் அது இடம்பெற்றது. அதே ஆண்டு சட்டமன்றத்துக்கும், 1870இல் மாநில செனட்டுக்கும் தேர்வானார். மாநிலப் படையில் மேஜர் ஜெனரல் வரை உயர்ந்தார். பின்னர் ஐந்து முறை அமெரிக்க நாடாளுமன்றம் சென்றார்.

1876இல் கம்பாஹி ஆற்றங்கரை நெல்வயல்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. முதலாளிகள் தங்கள் கடையில் மட்டுமே செல்லும் சீட்டுகளைக் கூலியாகத் தந்தார்கள். தொழிலாளர் ரொக்கம் கேட்டார்கள். ஸ்மால்ஸ் நேரில் போய்ச் சமரசம் பேசினார்.

மறு ஆண்டு காற்று திசை மாறியது. வெள்ளையர் ஆட்சி திரும்பியதும், செனட்டராக இருந்தபோது 5,000 டாலர் லஞ்சம் வாங்கினார் என்று வழக்கு வந்தது. மூன்றாண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள். 1879இல் ஆளுநர் மன்னிப்பு அளித்ததால் அவர் அதை முழுமையாக அனுபவிக்கவில்லை.

1895இல் மீண்டும் ஓர் அரசியல் சட்ட மன்றம். இம்முறை 160 உறுப்பினர்களில் கறுப்பினத்தவர் ஆறு பேர்தான். அவர்களில் ஸ்மால்ஸும் ஒருவர். எழுத்தறிவுச் சோதனை, சொத்துத் தகுதி, தலைவரி என்று நிபந்தனைகள் வைத்துக் கறுப்பினத்தாரின் வாக்குரிமையைப் பறிப்பதே மன்றத்தின் நோக்கம். ஸ்மால்ஸ் எழுந்து நின்று எதிர்த்தார். சட்டம் நிறைவேறியது, அவர் கையெழுத்திட மறுத்தார்.

1915இல் பியூஃபோர்ட்டில் அவர் இறந்தார். கோட்டைப் பீரங்கிகளை ஏமாற்றியவரால் தேர்தல் விதிகளை முறியடிக்க முடியவில்லை. 1897க்குப் பிறகு தென் கரோலினாவிலிருந்து அடுத்த கறுப்பின உறுப்பினர் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நுழைந்தது 1993இல்தான்.