களியக்காவிளைக்கு அப்பால் ஒரு நாள்



போன வியாழக்கிழமை, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாங்கள் நாலு பேர் ஒரு காரில் திருவனந்தபுரத்திலிருந்து எல்லை தாண்டிப் போய் வந்தோம். பத்மநாபபுரம், உதயகிரி, குளச்சல். பல வருடம் பாடமாக நடத்திய ஊர்கள்தான். ஆனாலும் இந்தப் பயணத்துக்கு ஒரு பழைய கடன் காரணம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

களியக்காவிளையில் எல்லை தெரிவதே கடைப் பலகைகளின் எழுத்து மாறுவதில்தான். மார்த்தாண்டம் வந்ததும் எங்களோடு வந்த தமிழாசிரியர் பேச்சை நிறுத்திவிட்டார். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழ்நாட்டோடு இணைய வேண்டும் என்று போராடியவர்கள் மேல் போலீஸ் சுட்டது. அவருடைய சித்தப்பா அந்தக் கூட்டத்தில் நின்றவர். முன் சீட்டில் இருந்த மலையாளி கணக்கு வாத்தியாரின் அப்பா அப்போது திருவிதாங்கூர்–கொச்சி போலீசில் வேலை பார்த்தவர். இருவரும் முப்பது வருட நண்பர்கள். தக்கலை வரை யாரும் ஒன்றும் பேசவில்லை. அங்கே டீக்கடையில் கணக்கு வாத்தியார்தான் முதலில் இறங்கி, "உமக்குச் சீனி வேண்டாம்தானே?" என்று கேட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

பத்மநாபபுரம் 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம். அரண்மனையில் மரவேலையைப் பார்ப்பதா, தரையைப் பார்ப்பதா என்று தெரியாது. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்ட தரை என்பார்கள். இன்றும் முகம் தெரிகிற பளபளப்பு.

அடுத்து புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கம்பெனியைத் தோற்கடித்தது. அப்போது பிடிபட்ட டிலனாய், பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்து, 'வலிய கப்பித்தான்' என்று பெயரெடுத்தார். 1777-ல் இறந்தவரின் கல்லறை கோட்டைக்குள் இடிந்த தேவாலயத்தில் இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும். கைதியாக வந்தவருக்குத் தமிழில் கல்வெட்டு! சாயங்காலம் குளச்சல் கடற்கரையில் வெற்றித்தூணைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

இனி அந்தக் கடன். பல வருடத்துக்கு முன் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "சார், நம்ம ராஜாவோட அரண்மனை ஏன் தமிழ்நாட்டுல இருக்கு?" என்று கேட்டாள். "அது பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றேன். உண்மையில் எனக்கு ஒழுங்காகப் பதில் தெரியவில்லை.

இப்போது சொல்கிறேன், அம்மா. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் மிகுதியாக வாழ்ந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. பத்மநாபபுரம் கல்குளத்தில் இருந்தது. ஊரும் கூடவே போனது. அரண்மனையின் நிர்வாகம் மட்டும் கேரளத்திடம் நின்றது. இன்றும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான். நிலம் ஒரு மாநிலம், வீடு இன்னொரு மாநிலம்.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருகிறார்கள். அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்டது என்பது ஐதீகம். களியக்காவிளையில் தமிழ்நாட்டார் வழியனுப்ப, கேரளத்தார் வரவேற்கிறார்கள். பூஜை முடிந்ததும் மூவரும் அதே வழியில் ஊர் திரும்புகிறார்கள்.

அன்று உன்னை உட்காரச் சொன்னது என் தவறு. இதைப் படித்தால் கீழே ஒரு வரி எழுது. நீ இப்போது எந்த ஊரில் இருக்கிறாய்?

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்