பூனையும் சினை ஆடும்

எங்க சங்கராபுரம் பக்கம் ஆடு குட்டி வீசினா, கண்ணு பட்டுடுச்சுன்னு பட்டியில வேப்பிலை கட்டுவோம். எல்லாம் கண்ணேறு இல்லீங்க. டாக்சோபிளாஸ்மான்னு ஒரு கிருமி. 1908-ல துனிஸ்ல எலி மாதிரி ஒரு பிராணியில கண்டுபிடிச்சாங்க. செம்மறி குட்டி வீசுறதுக்கும் இது காரணம்னு 1957-ல நியூசிலாந்துக்காரங்க காட்டினாங்க. பூனை வழியா பரவுதுன்னு உறுதியாக 1970 ஆயிடுச்சு.

பூனைப் பீயில வர்ற முட்டை மண்ணுல மாசக்கணக்கா சாகாது, குளோரினுக்கும் அசையாது. 2004-ல கோயம்புத்தூர்ல 200 பேருக்கு மேல கண்ணுக்குள்ள புண்ணாகி அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தாங்க. சந்தேகம் குடிதண்ணி மேல விழுந்துச்சு.

வீசின குட்டியை நம்ம பொம்பளைங்க வெறுங்கையால அள்ளுறாங்களே, அதுதான் எனக்குப் பயம். மாசமா இருக்கிறவங்களுக்குத் தொத்தினா வயித்துப் பிள்ளைக்கும் போகும். கையுறை போட்டு ஆழமா புதைங்க. பூனை வேணாம்னு சொல்லல, எலிக்கு அது வேணும். தீவனத்து மேல மட்டும் படுக்க விடாதீங்க.