போதைப்பொருள் கடத்தல் தலைவர்களுக்கான தேடுதல் வேட்டை

தலைவன் பிடிபடுவதோடு கடத்தல் ஓய்ந்துவிடுவதில்லை. 2024 பிப்ரவரியில் டெல்லியில் போதைப்பொருள் தயாரிக்கப் பயன்படும் சூடோஎபெட்ரின் 50 கிலோ சிக்கியதும் தலைமறைவான தமிழ்ப் படத் தயாரிப்பாளர் ஜாபர் சாதிக், மார்ச் 9 அன்று கைதானார். அவர் தலைமையில், சத்துமாவிலும் தேங்காய்ப் பொடியிலும் மறைத்து, மூன்றாண்டுகளில் சுமார் 3,500 கிலோ சூடோஎபெட்ரின் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்பப்பட்டதாக மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு குற்றம்சாட்டியது. கொலம்பியாவில் 1993 டிசம்பர் 2 அன்று மெடலின் கடத்தல் கும்பலின் தலைவன் பாப்லோ எஸ்கோபார் சுட்டுக்கொல்லப்பட்டதும் அந்தக் கும்பல் சிதைந்தது. கொக்கெய்ன் வணிகமோ அதன் போட்டியாளரான காலி நகரக் கும்பலின் கைக்குப் போனது. தலைவனை வெளியே விட்டால் சாட்சிகள் வாய் திறக்க அஞ்சுவார்கள் என்ற மறுப்பு நியாயமானது. அதனால் வேட்டை தேவைதான். ஆனால் அது போதாது. உதாரணமாக, கடலூர் மாவட்ட ஆட்சியர் 1982ஆம் ஆண்டின் குண்டர் சட்டப்படி கஞ்சா வியாபாரி ஒருவனை ஓராண்டு வரை அடைத்துவைக்கலாம். அதற்குள் சரக்கு வந்த வழியையும் பணம் போன வழியையும் தொடராவிட்டால், அதே மாவட்டத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் நிறைந்த சிதம்பரத்தில் அவன் இடத்துக்கு இன்னொருவன் வந்துவிடுவான்.