இளம்பெண்களில் உடற்பருமனும் இதய நோய் இடரும்

உடற்பருமன் என்பது உடலில் கொழுப்பு அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கும் நிலை ஆகும். இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுருத் தமனிகளில் கொழுப்புப் படிவதை இது விரைவுபடுத்துகிறது. மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன் பெண்களுக்கு மாரடைப்பு ஆண்களை விடக் குறைவாகவே ஏற்படுவதால், இளம்பெண்களின் இடர் பல வேளைகளில் கவனிக்கப்படுவதில்லை. ஆயினும் நோய்க்கு அடிப்படையான மாற்றங்கள் இளமையிலேயே தொடங்குகின்றன.

கொலஸ்ட்ரால்

குருதியில் கொலஸ்ட்ரால் புரதங்களுடன் இணைந்து செல்கிறது. அடர்த்தி குறைந்த கொழுப்புப்புரதம் (எல்.டி.எல்.) தமனிச் சுவரில் படிகிறது. அடர்த்தி மிகுந்த கொழுப்புப்புரதம் (எச்.டி.எல்.) பெண்களுக்கு டெசிலீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கும், ஆண்களுக்கு 40 மில்லிகிராமுக்கும் குறைந்தால் இடர் மிகுதி எனக் கொள்ளப்படுகிறது. வயிற்றுப் பருமன் உள்ளோரிடம் டிரைகிளிசரைடு கூடுவதும் எச்.டி.எல். குறைவதும் சேர்ந்தே காணப்படும். மெலிந்தவர்களுக்கும் மரபு வழியாகக் கொலஸ்ட்ரால் மிகுந்திருக்கலாம்.

அளவீடு

கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடற் திணிவுச் சுட்டெண் கிடைக்கும். உலக சுகாதார அமைப்பின் பொது அளவுகோலின்படி 30-உம் அதற்கு மேலும் உடற்பருமன் ஆகும். தெற்காசியர்களுக்குக் குறைந்த சுட்டெண்ணிலேயே நீரிழிவும் இதய நோயும் ஏற்படுவதால், 2009 இல் வெளியான இந்திய மருத்துவர் குழுவின் பரிந்துரை இவ்வெல்லையை 25 எனக் குறைத்தது. பெண்களின் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

செவிலியர் நல ஆய்வு

இவ்வாய்வு ஐக்கிய அமெரிக்காவில் 1976 இல் தொடங்கியது. ஏறத்தாழ 1,16,000 பெண்களை 14 ஆண்டுகள் பின்தொடர்ந்த முடிவுகள் 1995 இல் வெளியாயின. 18 வயதுக்குப் பின் 20 கிலோகிராமோ அதற்கு மேலோ எடை கூடியவர்களுக்கு, எடை அதிகம் மாறாதவர்களை விட முடியுருத் தமனி நோய் இடர் இரண்டரை மடங்குக்கும் மேலாக இருந்தது. 5 முதல் 8 கிலோகிராம் வரை கூடியவர்களுக்கும் இடர் ஏறத்தாழ கால் பங்கு மிகுந்தது. இயல்பான எடை வரம்புக்குள் இருந்தாலும் எடை கூடுவது தீங்கற்றது அன்று என்பதை இது காட்டியது.

பெண்களுக்கே உரிய காரணிகள்

* பேறுகாலத்தில் தோன்றும் நீரிழிவு, உயர் குருதி அழுத்தம், முன்சூல்வலிப்பு ஆகியன பிற்கால இதய நோய் இடரைக் கூட்டுகின்றன. பேற்றுக்குப் பின் குருதி அழுத்தமும் சர்க்கரையும் இயல்புக்குத் திரும்பினாலும் இவ்விடர் முற்றிலும் நீங்குவதில்லை.
* சூலகப் பல்பை நோய், இன்சுலின் எதிர்ப்புடனும் உடற்பருமனுடனும் தொடர்புடையது.
* கர்ப்பகாலத்தில் கொலஸ்ட்ரால் இயல்பாகவே உயரும். ஸ்டாட்டின் மருந்து உட்கொள்வோர் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

அறிகுறிகள்

கொலஸ்ட்ரால் மிகுதிக்குப் பொதுவாக வெளி அறிகுறி இல்லை. குருதிச் சோதனையே வழி. மாரடைப்பில் நெஞ்சுவலியே முதன்மையான அறிகுறி. எனினும் மூச்சுத்திணறல், குமட்டல், தாடை அல்லது முதுகு வலி, மிகுந்த சோர்வு ஆகியனவும் பெண்களிடம் காணப்படுவதால், இது வாயுத்தொல்லை எனத் தவறாகக் கருதப்பட்டுச் சிகிச்சை தாமதமாவதுண்டு.

தடுப்பு

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, நிறைவுற்ற கொழுப்பையும் மாறுபக்கக் கொழுப்பையும் குறைத்தல், புகையிலையைத் தவிர்த்தல் ஆகியன பரிந்துரைக்கப்படுகின்றன. எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே குருதி அழுத்தம், டிரைகிளிசரைடு, குருதிச் சர்க்கரை ஆகியவை மேம்படும்.

இவற்றையும் பார்க்கவும்

* மாரடைப்பு
* நீரிழிவு நோய்
* உடற் திணிவுச் சுட்டெண்