பயாஸ் அழைப்புகள்: திரை எழுத்தும் விசைப்பலகை உள்ளீடும்

கணினியில் இயங்குதளம் ஏறுவதற்கு முன்பே திரையில் எழுத்து தெரிகிறது. விசையைத் தட்டினால் பதில் வருகிறது. தாய்ப்பலகையின் ரோம் சில்லில் பதிந்திருக்கும் பயாஸ் என்னும் ஃபர்ம்வேர்தான் இந்த வேலையை நெடுங்காலம் பார்த்துவந்தது. அதற்குள் இருக்கும் சிறு நிரல்களைப் பிற நிரல்கள் எண் சொல்லிக் கூப்பிடுவதற்குப் பயாஸ் அழைப்பு என்று பெயர்.

பெயர் பழையது. 1970களில் கேரி கில்டால் எழுதிய சிபி/எம் இயங்குதளத்தில், வன்பொருளோடு நேரடியாகப் பேசும் பகுதிக்குப் பயாஸ் என்று பெயர். ஓர் எழுத்தைக் காட்டு, ஓர் எழுத்தை வாங்கு, விசை ஏதும் வந்திருக்கிறதா என்று பார்: இந்த மூன்று அழைப்புகளும் அதிலேயே உண்டு. 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசி அவற்றை விரிவாக்கி, ரோமுக்குள் கொண்டுபோய் வைத்தது.

கூப்பிடும் முறை எளிமையானது. பிசியின் 8088 செயலி, நினைவகத்தின் முதல் 1024 பைட்டில் 256 முகவரிகளை வைத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் 4 பைட். நிரல் ஒரு குறுக்கீட்டின் (இன்டரப்ட்) எண்ணைச் சொன்னால், அந்த எண்ணுக்கு நேரே உள்ள முகவரிக்குச் செயலி தாவும். ரோம் புதிதாக எழுதப்படும்போது உள்ளே முகவரிகள் இடம் மாறலாம், எண் மாறாது. போட்டி நிறுவனங்கள் சொந்தமாகப் பயாஸ் எழுதி, பிசியை ஒத்த கணினிகளை விற்க முடிந்ததற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம். திரைக்கான எண் 10, விசைப்பலகைக்கான எண் 16. இவ்விரண்டும் பதினாறடிமான எண்கள். கட்டுரையின் மற்ற எண்களெல்லாம் தசமம்.

திரைக்குறுக்கீட்டுக்குப் பல பணிகள் உண்டு. செயலியின் ஏஎச் பதிவகத்தில் எந்தப் பணி எண்ணை வைக்கிறோமோ அந்த வேலை நடக்கும். 0 வைத்தால் திரைமுறை மாறும். 2 வைத்தால் சுட்டி நகரும். அதிகம் புழங்குவது 14. ஏஎல் பதிவகத்தில் 65 என்று வைத்து இதைக் கூப்பிட்டால் ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்து திரையில் விழும். சுட்டி ஓர் இடம் தள்ளி நிற்கும். கடைசி வரி நிரம்பினால் திரை மேலே உருளும். இந்தப் பணி தட்டச்சுப்பொறியின் பழக்கத்தை அப்படியே வைத்திருக்கிறது. 13 அனுப்பினால் சுட்டி வரியின் தொடக்கத்துக்குப் போகும், கீழே இறங்காது. 10 அனுப்பினால் கீழே இறங்கும், தொடக்கத்துக்குப் போகாது. 10ஐ மட்டும் அனுப்பி 13ஐ மறந்தவரின் வரிகள் திரையில் படிக்கட்டாக இறங்கும். வண்ணம் வேண்டுமென்றால் பணி 9. ஆனால் அது சுட்டியை நகர்த்தாது, நாமே நகர்த்திக்கொள்ள வேண்டும்.

அழைப்பின் முடிவில் நடப்பது நினைவகத்தில் எழுதும் வேலைதான். வண்ண உரைமுறையில் 736ஆவது கிலோபைட்டிலிருந்து திரை நினைவகம் தொடங்குகிறது. கட்டத்துக்கு 2 பைட்: ஒன்று எழுத்து, மற்றது நிறம். 80 கட்டம் கொண்ட 25 வரிக்கு 4000 பைட் போதும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அழைப்பு என்பது மெதுவாக இருந்ததால், லோட்டஸ் 1-2-3 போன்ற நிரல்கள் பயாஸை விட்டுவிட்டு இந்த நினைவகத்திலேயே நேராக எழுதின. வேகம் கிடைத்தது, ஆனால் போட்டிக் கணினிகள் பயாஸை மட்டுமல்ல, திரை நினைவகத்தின் முகவரியையும் அப்படியே பின்பற்ற வேண்டியதாயிற்று.

உள்ளீட்டுப் பக்கம் இதைவிடச் சுவையானது. ஒரு விசையைத் தட்டும் கணத்தை எடுத்துக்கொள்வோம். விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. எந்த விசை என்பதை மட்டும் அனுப்புகிறது. 'ஏ' விசை அழுந்தினால் 30, விரலை எடுத்தால் 128 கூட்டி 158. அந்த எண் வந்ததும் வன்பொருள் குறுக்கீடு 9 எழும். பயாஸ் கையிலுள்ள வேலையை நிறுத்தி, ஷிஃப்ட் அழுந்தியிருக்கிறதா என்று பார்த்து, உரிய எழுத்தாக மாற்றி ஒரு சிறு வரிசையில் சேர்க்கும். வரிசை 32 பைட், விசைக்கு 2 பைட். 16 இடம் இருந்தும் 15 விசைதான் கொள்ளும். தலையும் வாலும் ஒரே இடத்தில் நின்றால் வரிசை காலி என்று பொருள் என்பதால் ஓர் இடத்தை விட்டுவைக்க வேண்டியிருக்கிறது. அதற்குமேல் தட்டினால் பீப் ஒலிதான் வரும்.

நிரல் குறுக்கீடு 16இன் பணி 0ஐக் கூப்பிட்டால் வரிசையின் முதல் விசை கிடைக்கும்: ஏஎல்லில் எழுத்து, ஏஎச்சில் விசை எண். எஃப்1 போன்ற எழுத்தில்லா விசைக்கு ஏஎல் 0, ஏஎச் 59. வரிசை காலியென்றால் யாராவது தட்டும்வரை அந்த அழைப்பு திரும்பாது. காத்திருக்க முடியாத நிரல் பணி 1ஐக் கூப்பிட்டு எட்டிப்பார்க்கலாம். ஆனால் எட்டிப்பார்த்த விசை வரிசையிலேயே இருக்கும். அதைப் பணி 0 கொண்டு எடுக்காவிட்டால் அதே விசைதான் திரும்பத் திரும்பத் தென்படும். புதிதாக எழுதுபவர்கள் இதில் அடிக்கடி வழுக்குகிறார்கள்.

செயலி பாதுகாப்பு முறைக்கு மாறியபின் பயாஸின் 16 பிட் நிரல்களை நேராகக் கூப்பிட முடியாது. லினக்ஸ், விண்டோஸ் போன்றவை சொந்த இயக்கிகளை வைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். துவக்கப் பகுதியில் மட்டும் பழைய அழைப்புகள் நீண்டகாலம் வாழ்ந்தன. 512 பைட்டுக்குள் அடங்க வேண்டிய துவக்க நிரலுக்கு, திரையில் ஒரு செய்தி காட்ட அவற்றைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

பயாஸின் இடத்துக்கு வந்த யூஈஎஃப்ஐ, எண்ணுக்குப் பதிலாகச் செயற்கூறுகளின் அட்டவணையைத் தருகிறது. எழுத்து ஒவ்வொன்றும் 16 பிட். சரத்தை மொத்தமாகவே அனுப்பலாம். விசை கேட்கும் அழைப்பு காத்திருப்பதில்லை. விசை இல்லையென்றால் 'தயாரில்லை' என்று உடனே திரும்பிவிடும். இயங்குதளம் பொறுப்பேற்றதும் இவ்வழைப்புகள் இல்லாமல் போகும்.

16 பிட் என்பதால் தமிழ் எழுத்துகளின் யூனிகோட் எண்களும் அதில் அடங்கும். ஆயினும் எண் அடங்கினால் மட்டும் எழுத்து திரைக்கு வந்துவிடாது. யூஈஎஃப்ஐ கட்டாயமாக்குவது அடிப்படை இலத்தீன் எழுத்துகளை மட்டுமே. அதன் எழுத்துருக்கள் 8க்கு 19, 16க்கு 19 புள்ளிக் கட்டங்களில் அமைந்தவை. 'கொ' என்று எழுதக் கொம்பு முன்னே போக வேண்டும், கால் பின்னே நிற்க வேண்டும். ஓர் எண்ணுக்கு ஒரு கட்டம் என்ற கணக்கில் இது வராது. எழுத்துகளை இப்படிக் கோத்துத் தரும் வேலையை இயங்குதளத்தின் எழுத்துரு மென்பொருள்தான் செய்கிறது. அது ஏறுவதற்கு முந்தைய நொடிகளில் கணினிக்குத் தமிழ் எழுத வராது.