இங்கிலாந்தின் கணப்புச் சுவர் அலங்கார வரலாறு

கணப்புச் சுவர் என்பது குளிர்நாட்டு வீடுகளில், அறையைச் சூடாக்கும் கணப்பு அமைந்துள்ள சுவர் ஆகும். கணப்பின் வாயைச் சுற்றிய கல் அல்லது மரச் சட்டம், அதன் மேல் மேண்டல் எனப்படும் தட்டு, தட்டுக்கு மேல் கூரை வரை எழும் பரப்பு ஆகிய மூன்றும் அலங்காரத்துக்கு உரிய இடங்கள். புகைவழி சுவருக்குள்ளேயே மேலே செல்வதால் இச்சுவர் பெரும்பாலும் அறைக்குள் சற்றுப் புடைத்து நிற்கும். அதனால் இருபுறமும் மாடம் போன்ற ஒதுக்கிடங்கள் உண்டாகும். இங்கிலாந்தில் ஏறத்தாழ 800 ஆண்டுகள் வீட்டுக்காரரின் குலம், செல்வம், ரசனை ஆகியவற்றை விருந்தினருக்கு முதலில் அறிவித்த இடம் இந்தச் சுவரே.

தமிழருக்குக் குளிர்காயும் தீ புதிதன்று. சங்க இலக்கியமான நெடுநல்வாடையில் வாடைக்காலத்தில் மக்கள் குளிர்காயும் அகன்ற வாயுடைய தடவு என்னும் தீச்சட்டி வருகிறது. ஆனால் தடவு வேண்டிய இடத்துக்குத் தூக்கிச் செல்லக்கூடியது. சுவரோடு பிணைந்த தீதான் தன்னைச் சுற்றித் தனியான ஓர் அலங்காரக் கலையை உருவாக்கிக்கொண்டது.

நடுக்கூடத்திலிருந்து சுவருக்கு

இடைக்கால ஆங்கிலேயப் பெருவீடுகளில் தீ கூடத்தின் நடுவே தரையில் எரிந்தது. புகை உயர்ந்த கூரையில் விடப்பட்ட திறப்பு வழியே தானாக வெளியேற வேண்டும். கென்ட் பகுதியின் பென்ஸ்ஹர்ஸ்ட் மாளிகையில் 1341-இல் கட்டப்பட்ட கூடத்தில் அத்தகைய எண்கோண நடு அடுப்பை இன்றும் காணலாம். நடுவில் தீ எரியும் கூடத்துக்கு மேல் மாடி கட்ட முடியாது. அலங்கரிப்பதற்குத் தீயைச் சுற்றிச் சுவரும் இல்லை.

கோட்டைகளில் நிலை வேறு. அங்கே அடுக்கடுக்காகத் தளங்கள் எழுந்ததால் தீயைச் சுவருக்குள் ஒதுக்க வேண்டியிருந்தது. 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த எசெக்ஸின் ஹெடிங்ஹம் கோட்டையில் கணப்பின் மேல் வளைவு பல்வரிசை போன்ற செதுக்கு வேலையுடன் உள்ளது. வீட்டுத் தீக்குச் செய்யப்பட்ட அலங்காரத்தில் மிகப் பழைய ஆங்கிலேய எடுத்துக்காட்டுகளுள் இது ஒன்று.

சாதாரண வீடுகளுக்குச் சுவர்க்கணப்பு வந்து சேர மேலும் பல தலைமுறைகள் ஆயின. 1577-இல் வெளியான இங்கிலாந்து பற்றிய நூலில் வில்லியம் ஹாரிசன், தம் ஊர் முதியவர்கள் வியந்து பேசிய மாற்றங்களுள் ஒன்றாகப் புகைபோக்கிகளின் பெருக்கத்தைக் குறிப்பிடுகிறார். அவர்களுடைய இளமைக்காலத்தில் ஓர் ஊரில் இரண்டு மூன்று புகைபோக்கிகள் இருந்தாலே அதிகமாம்.

டாட்டர்ஷால் கோட்டையின் நான்கு கணப்புகள்

லிங்கன்ஷயரில் உள்ள டாட்டர்ஷால் கோட்டையின் செங்கல் கோபுரத்தை 15-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி ரால்ஃப் கிராம்வெல் பிரபு கட்டினார். இவர் 1433 முதல் 1443 வரை இங்கிலாந்து அரசின் கருவூலத் தலைவராக இருந்தவர். கோபுரத்தின் பெரிய அறைகளில் நான்கு கல் கணப்புகள் உள்ளன. அவற்றின் மேற்பகுதியில் அவருடைய குலச்சின்னங்களும் மணஉறவால் வந்த குலங்களின் சின்னங்களும் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு இடையே மீண்டும் மீண்டும் வருவது ஒரு பணப்பை. அது கருவூலத் தலைவர் பதவியின் அடையாளம். தனக்கு உரிமை இல்லையா என்று கேட்கும் பொருளில் அமைந்த அவருடைய பிரெஞ்சு விருதுவாக்கும் அங்கே உண்டு. குளிர்காய வந்தவர் கைகளை நீட்டும்போது கண்ணுக்கு நேரே இவை நின்றன. இந்தக் கணப்புகளுக்கு 20-ஆம் நூற்றாண்டில் நேர்ந்தது பின்னர் கூறப்படும்.

வரியும் ஓடும்

1662-இல் இரண்டாம் சார்லஸ் ஆட்சியில் கணப்பு வரி விதிக்கப்பட்டது. ஒரு கணப்புக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங். ஏழைகளுக்கு விலக்கு இருந்தது. கணப்புகளை எண்ண அதிகாரிகள் வீட்டுக்குள் நுழையலாம் என்பதே மக்களை மிகவும் எரிச்சலூட்டியது. சிலர் கணப்பின் வாயை அடைத்துவிட்டு வரியிலிருந்து தப்பப் பார்த்தனர். 1689-இல், வில்லியம், மேரி ஆட்சியின் தொடக்கத்திலேயே, இவ்வரி நீக்கப்பட்டது. கணப்புகளின் எண்ணிக்கை செல்வத்தின் அளவுகோலாக அரசு ஏட்டிலேயே பதிவானதற்கு அந்த வரிக்கணக்குகள் சான்று. இன்று மக்கள்தொகை வரலாற்றை ஆராய்பவர்கள் அவற்றைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

இதே நூற்றாண்டில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஓடுகள் கணப்பின் உட்புறத்தை அழகுபடுத்த வந்தன. சீனப் பீங்கானைப் பார்த்து வெள்ளைப் பரப்பில் நீல வண்ணத்தால் தீட்டப்பட்ட இவை ஏறத்தாழ 13 செ.மீ. சதுரம் கொண்டவை. விவிலியக் காட்சிகள், கப்பல்கள், விளையாடும் சிறுவர்கள் ஆகியவை வழக்கமான படங்கள். சூட்டைத் தாங்கும், ஈரத்துணியால் துடைத்தால் புகைக்கரி போய்விடும் என்பதும் அவற்றின் பயன். இங்கிலாந்திலேயே லாம்பெத், பிரிஸ்டல், லிவர்பூல் ஆகிய இடங்களில் இவை செய்யப்பட்டன. லிவர்பூலின் ஜான் சாட்லரும் கை கிரீனும் 1756-இல் ஆறு மணி நேரத்தில் 1,200-க்கும் மேற்பட்ட ஓடுகளில் படங்களை அச்சிட்டுக் காட்டினர். அதுவரை ஒவ்வொன்றாகத் தூரிகையால் தீட்டப்பட்ட பொருள் அன்றோடு ஆலைப்பொருளாயிற்று.

பளிங்குக் காலம்

18-ஆம் நூற்றாண்டில் கணப்புச் சுவர் கட்டடக் கலைஞரின் கைக்கு வந்தது. ராபர்ட் ஆடம் தாம் அமைத்த மாளிகைகளில் தரைவிரிப்பு, மேற்கூரை, கணப்பு மூன்றையும் ஒரே வடிவமைப்பின் பகுதிகளாகக் கருதினார். ரோம் நகரில் பிரனேசி 1769-இல் கணப்பு அலங்காரத்துக்கென்றே ஒரு படத்தொகுப்பை வெளியிட்டார். அதில் எகிப்திய பாணியும் இடம்பெற்றது. பண்டைய எகிப்தியர் சுவர்க்கணப்பு கட்டியவர்கள் அல்லர் என்பது அவருக்கு ஒரு தடையாகத் தோன்றவில்லை.

பளிங்கு வாங்க முடியாதவர்களுக்கு மாற்று வழிகள் இருந்தன. வெட்ஜ்வுட் நிறுவனம் சட்டத்தில் பதிப்பதற்கு நீலமும் வெள்ளையுமான பீங்கான் தகடுகளைச் செய்தது. ஸ்காட்லாந்தில் 1759-இல் தொடங்கிய கேரன் இரும்பாலை நிலக்கரி எரிக்கும் கூடைகளை அழகிய வார்ப்புகளாக விற்றது. மேண்டலுக்கு மேல் பெரிய நிலைக்கண்ணாடி வைக்கும் பழக்கம் பிரான்சிலிருந்து வந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தை அது இருமடங்காக்கியது. கோடையில் தீ இல்லாத கரிய குழியை மறைக்க, பூச்சாடி முதலிய படங்கள் தீட்டிய பலகைகளைக் கணப்பின் வாயில் பொருத்தினர்.

இவ்வளவு செலவு செய்த சுவர் புகையை அறைக்குள் கக்கியதும் உண்டு. கவுண்ட் ரம்ஃபோர்ட் எனப்படும் பெஞ்சமின் தாம்சன் 1796-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு வழி கூறினார். கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களை வெளிநோக்கிச் சாய்த்து, புகைவழியின் தொண்டையை ஏறத்தாழ 4 அங்குலமாக ஒடுக்கினால் புகை மேலேறும், வெப்பம் அறைக்குள் வரும் என்பதே அது. பழைய பெரிய கணப்புகளுக்குள் செங்கல் வைத்துச் சிறிதாக்கும் வேலை லண்டனில் உடனே பரவியது. வெளிச்சட்டம் பழைய அளவிலேயே நின்றதால், பெரிய சட்டத்துக்குள் சிறிய வாய் கொண்ட கணப்புகளை இன்றும் காணலாம்.

சுவருக்குள் ஏறிய சிறுவர்கள்

விறகிலிருந்து நிலக்கரிக்கு மாறியபின் புகைவழிகள் குறுகின. 14 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் பரவலான அளவு. அதைவிடக் குறுகியவையும் இருந்தன. பல அறைகளின் புகைவழிகள் ஒரே புகைபோக்கியில் சேர வேண்டியிருந்ததால் அவை சுவருக்குள் வளைந்து வளைந்து சென்றன. நிலக்கரிப் புகையின் கரி தடித்துப் படியும். துடைக்காவிட்டால் தீப்பிடிக்கும். அந்த வழிக்குள் பெரியவர் நுழைய முடியாது. எனவே சிறுவர்கள் ஏற்றப்பட்டனர். ஏழைக் குடும்பங்களிலிருந்தும் அநாதை இல்லங்களிலிருந்தும் தொழில் பழக என்ற பெயரில் அனுப்பப்பட்ட அவர்கள் முழங்காலாலும் முழங்கையாலும் உந்தி மேலே ஏறினர். சிக்கி மூச்சடைத்து இறந்தவர்கள் உண்டு. பிழைத்தவர்களுக்குப் பிற்காலத்தில் விதைப்பையில் புற்றுநோய் வந்ததை அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-இல் எழுதினார். ஒரு தொழிலே புற்றுநோய்க்குக் காரணமாவதை முதலில் எடுத்துக்காட்டியது அந்த ஆய்வுதான்.

1788-இல் வந்த சட்டம் எட்டு வயதுக்கு உட்பட்டவர்களைச் சேர்க்கக் கூடாது என்றது. அதைக் கண்காணிக்க எவரும் இல்லை. ஏறும் வேலையையே ஒழிக்கும் மசோதா 1819-இல் பிரபுக்கள் அவையில் தோற்றது. அதற்குள் நீண்ட கழிகளை இணைத்துப் பயன்படுத்தும் தூரிகைப் பொறிகள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. ஆனால் அவை எல்லா வளைவுகளிலும் நுழையவில்லை. புகைவழியைத் திருத்த வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டும், அதாவது பளிங்கும் சுதைவேலையும் பூசிய அதே சுவரை. தூரிகைப் பொறி கரியை அறைக்குள் கொட்டிவிடும் என்ற அச்சமும் வீட்டாருக்கு இருந்தது. அழகாக வைத்திருந்த அறையைக் காக்கும் எண்ணமே சிறுவர்களின் துன்பத்தை நீட்டித்த காரணங்களுள் ஒன்று என்று சொல்வதில் மிகை இல்லை.

21 வயதுக்கு உட்பட்டவர் ஏறக் கூடாது என்று 1840-இல் சட்டம் வந்தது. 1864-இல் அது கடுமையாக்கப்பட்டது. இரண்டும் பல ஊர்களில் மீறப்பட்டன. 1875 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்னில் ஒரு மருத்துவமனையின் புகைவழியில் சிக்கி ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் இறந்தான். அவனை ஏற்றியவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஷாஃப்ட்ஸ்பரி பிரபு அந்த ஆண்டே கொண்டுவந்த சட்டம், இத்தொழில் செய்வோர் காவல்துறையிடம் உரிமம் பெற வேண்டும் என்று ஆக்கிய பிறகே இப்பழக்கம் நின்றது.

மேண்டல் தட்டும் மயில் அறையும்

விக்டோரியா காலத்தில் நடுத்தர வீடுகளின் மேண்டல் நிரம்பி வழிந்தது. நடுவில் கடிகாரம், இருபுறமும் இணையிணையாகச் சாடிகள், ஸ்டாஃபர்ட்ஷயரில் செய்த பீங்கான் நாய்கள், அழைப்பு அட்டைகள் ஆகியன அதில் இருக்கும். தட்டின் விளிம்பில் குஞ்சம் வைத்த துணியும் தொங்கும். தீக்கு மேலே துணி தொங்கவிடுவது எவ்வளவு அறிவுடைமை என்பது வேறு கேள்வி. வில்லியம் டி மார்கன் போன்றோரின் கைவேலை ஓடுகள் கணப்பின் இருபுறமும் செங்குத்து வரிசையாகப் பதிக்கப்பட்டன.

இக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற கணப்புச் சுவர் லண்டனில் கப்பல் முதலாளி ஃபிரெட்ரிக் லேலண்டின் உணவறையில் இருந்தது. கணப்புக்கு மேல் ஓவியர் விஸ்லர் தீட்டிய, கிமோனோ அணிந்த பெண்ணின் ஓவியம் தொங்கியது. அதற்கு ஏற்ப அறையைச் சற்றுத் திருத்துவதாகத் தொடங்கிய விஸ்லர், 1876-77-இல் லேலண்ட் ஊரில் இல்லாதபோது அறை முழுவதையும் நீலப்பச்சையும் பொன்னுமாக மாற்றிவிட்டு 2,000 கினி கேட்டார். லேலண்ட் பாதியையே கொடுத்தார், அதையும் பவுண்டில் கொடுத்தார். கலைஞருக்குக் கினியிலும் கடைக்காரருக்குப் பவுண்டிலும் தருவது அன்றைய வழக்கம். விஸ்லர் கணப்புக்கு எதிர்ச்சுவரில் இரண்டு மயில்கள் சண்டையிடுவதாகத் தீட்டினார். ஒரு மயிலின் காலடியில் வெள்ளிக்காசுகள் சிதறிக் கிடக்கின்றன. அந்த அறை முழுவதும் பெயர்த்தெடுக்கப்பட்டு இப்போது வாஷிங்டனின் ஃப்ரீயர் கலைக்கூடத்தில் உள்ளது.

இதே காலத்தில் ஆங்கிலேயர் தங்கள் கணப்புகளை மலை ஊர்களுக்கும் கொண்டுவந்தனர். உதகமண்டலம், கொடைக்கானல், நுவரெலியா ஆகிய ஊர்களின் பழைய பங்களாக்களில் மேண்டலுடன் கூடிய கணப்பைக் காணலாம். அவற்றுக்கான விறகுத் தேவை சோலைக்காடுகளை அழித்தது. நீலகிரியில் தைலமரமும் சீகை மரமும் தோட்டங்களாக நடப்பட்டதற்கு அந்த விறகுப் பற்றாக்குறை ஒரு முக்கியக் காரணம்.

பெயர்த்தெடுத்த கணப்புகள்

பழைய கணப்புச் சட்டங்களைத் தனியே பெயர்த்து விற்க முடியும் என்பது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு வணிகமாயிற்று. அமெரிக்கச் செல்வர்கள் நல்ல விலை கொடுத்தனர். 1911-இல் டாட்டர்ஷால் கோட்டை கைமாறியபோது அதன் நான்கு கணப்புகளும் பெயர்க்கப்பட்டு வெளியே கொண்டு செல்லப்பட்டன. அவை அமெரிக்காவுக்குப் போகப் போகின்றன என்ற செய்தி பரவியது. இந்தியாவில் 1899 முதல் 1905 வரை வைஸ்ராயாக இருந்த கர்சன் பிரபு கோட்டையை விலைக்கு வாங்கினார். பிறகு கணப்புகளைத் தேடச் செய்து, லண்டனில் கண்டுபிடித்து, 1912-இல் திரும்பப் பெற்றார். அவை வண்டிகளில் ஊர்வலமாக டாட்டர்ஷாலுக்கு வந்தன.

வங்கப் பிரிவினையால் இந்தியர்களின் வெறுப்பைச் சம்பாதித்த கர்சன், இங்கே 1904-இல் பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் ஆவார். தம் சொந்த நாட்டில் அத்தகைய வலுவான சட்டம் இல்லாததை டாட்டர்ஷால் அவருக்கு உணர்த்தியது. 1913-இல் பிரிட்டனில் நிறைவேறிய பழஞ்சின்னங்கள் சட்டத்துக்கு இந்நிகழ்வு ஒரு தூண்டுகோல். உரிமையாளரின் விருப்பத்துக்கு மாறாகவும் ஒரு சின்னத்தைக் காக்க அது அரசுக்கு அதிகாரம் தந்தது. ஆனால் மக்கள் வசிக்கும் வீடுகள் அச்சட்டத்துக்கு வெளியே விடப்பட்டன. அவற்றின் கணப்புகள் தொடர்ந்து விற்கப்பட்டன. கோட்டை 1925-இல் கர்சன் இறந்தபோது தேசிய அறக்கட்டளைக்குச் சென்றது. கணப்புகள் இன்றும் அங்கேயே உள்ளன.

தீ அணைந்த பின்

1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப்பனியில் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக அன்று கணக்கிடப்பட்டது. அதன் விளைவாக வந்த 1956-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை உருவாக்கியது. வீட்டுக் கணப்பில் சாதாரண நிலக்கரி எரிப்பது நகரங்களில் மெல்ல முடிவுக்கு வந்தது. எரிவாயுவும் குழாய்வழி வெந்நீரும் அறைகளைச் சூடாக்கத் தொடங்கின. பலர் கணப்பின் வாயைப் பலகையால் மூடி அதன்மேல் வண்ணம் பூசினர். வார்ப்பிரும்புச் சட்டங்களும் டி மார்கன் ஓடுகளும் குப்பை வண்டியில் போயின. ஒரு தலைமுறை கழித்து அவற்றையே பழம்பொருள் கடைகளில் தேடி வாங்கினர். ஆளில்லாத பழைய வீடுகளில் கணப்புச் சட்டம் திருடுபோவதும் நடந்தது.

இன்று அச்சுவரில் கண்ணாடியின் இடத்தைப் பெரும்பாலும் தொலைக்காட்சி பிடித்துள்ளது. ஒதுக்கிடங்களில் புத்தக அலமாரிகள் உள்ளன. தீ இல்லாத குழிக்குள் மெழுகுவர்த்திகளோ விறகு அடுக்கோ வைக்கின்றனர். முழுவதும் மூடப்பட்ட சுவர்களிலும் தரைக்குச் சற்று மேலே துளைகள் கொண்ட ஒரு சிறு தகடு தெரியும். உள்ளே வெறுமையாக நிற்கும் புகைவழியில் ஈரம் தங்கிச் சுவர் பாழாகாமல் இருக்கக் காற்றுக்காக விட்ட வழி அது.