டேப்பெட்: ஒரு சிறு இடைவெளியின் வரலாறு

சென்னையில் செய்யப்பட்டு உலகம் அறிந்த பொருள்களில் புல்லட் மோட்டார் சைக்கிளுக்கு முக்கிய இடமுண்டு. அதன் ஆலை, முதலாளிகள், கைமாறிய பங்குகள் பற்றியெல்லாம் நிறைய எழுதியாகிவிட்டது. ஆனால் அந்த வண்டியை அரை நூற்றாண்டுக்கு மேல் சாலையில் நிறுத்திய ஒரு சிறு வேலையைப் பற்றித் தமிழில் நான் எதையும் படித்ததில்லை. மெக்கானிக்குகள் அதை ‘டேப்பெட் வைப்பது’ என்பார்கள். கலைச்சொல்லாளர்கள் வால்வுக்கு ‘ஓரதர்’ என்று பெயரிட்டார்கள். அந்தச் சொல் எந்தப் பட்டறைக்கும் போய்ச் சேரவில்லை. வேலை மட்டும் வாய்மொழியாகவே ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போயிற்று.

என் தந்தையாரின் புல்லட் வழியாகத்தான் எனக்கு இது தெரியவந்தது. மயிலாப்பூரில் குளத்தை ஒட்டிய ஒரு சந்தில், பூவரச மரத்தடியில் பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம்தான் அந்த வண்டி எப்போதும் போகும். அவரைப் பலமுறை பார்த்திருந்த தைரியத்தில் ஒருநாள் மாலை நானே டேப்பெட் வைத்தேன். அடையாறு வரை போய்த் திரும்பியிருந்த எஞ்சின் அப்போது நல்ல சூட்டில் இருந்தது. டக் டக்கென்ற சத்தம் முழுவதும் நின்றுபோனதில் எனக்குப் பெருமை. மறுநாள் காலை வண்டி கிளம்பவில்லை. கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று இறங்கியது.

தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தியதும் பெரியவர் கேட்டது ஒரே கேள்வி: “சார், சூட்டுல கை வெச்சீங்களா?”

*

அந்தக் கேள்வியின் பொருளை விளக்க எஞ்சினைக் கொஞ்சம் திறந்துகாட்ட வேண்டும். பழைய புல்லட்டின் வார்ப்பிரும்பு எஞ்சினில் இரண்டு வால்வுகள்: பெட்ரோல் கலந்த காற்று உள்ளே வர ஒன்று, எரிந்த புகை வெளியேற ஒன்று. கீழே சுழலும் கேம் டேப்பெட்டை உந்துகிறது. டேப்பெட் புஷ்ராட் என்ற நீண்ட கம்பியை மேலே தள்ளுகிறது. கம்பியின் தலை ராக்கரை அசைக்க, வால்வு திறக்கிறது. இந்தச் சங்கிலியில் இடைவெளி அதிகமானால் சத்தம் வரும், வால்வு போதிய அளவு திறக்காது. இடைவெளி இல்லாமல் இறுகிப்போனால் வால்வு தன் இருக்கையில் முழுதாக அமராது. அழுத்தம் கசியும். புகை வால்வு தன் சூட்டை இருக்கையின் வழியாகத்தான் இறக்கிவைக்கிறது. அமர இடமில்லாதபோது அதன் விளிம்பு கருகும். சத்தம் காதுக்குத் தெரிகிறது. இறுக்கம் தெரிவதில்லை.

எஞ்சின் சூடேறும்போது சிலிண்டரும் அதன் மேலுள்ள அலுமினியத் தலையும் விரிந்து உயர்கின்றன. புஷ்ராட் அந்த அளவுக்கு நீள்வதில்லை. ஆகவே சூட்டில் இடைவெளி கூடுகிறது, ஆறியதும் குறைகிறது. சூட்டிலேயே அந்த இடைவெளியை நான் அடைத்துவிட்டேன். இரவில் எஞ்சின் ஆறிச் சுருங்கியபோது வால்வுகள் மூட வழியில்லாமல் போயிற்று.

பெரியவர் செய்தது இதுதான். ஆறிய எஞ்சினில் பிளக்கைக் கழற்றி, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் வகையில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தார். வலப்பக்கம் சிலிண்டருக்குக் கீழே ஒரே நட்டில் நிற்கும் மூடியைத் திறந்தார். ஒரு ஸ்பானரால் டேப்பெட்டைப் பிடித்து, இன்னொன்றால் லாக் நட்டைத் தளர்த்தி, மூன்றாவதால் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று நகர்த்தினார். இரு விரல்களால் புஷ்ராடை உருட்டிப் பார்த்தார். அது தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. லாக் நட்டை இறுக்கும்போது அளவு சற்று மாறும் என்பதால் மறுபடி உருட்டினார். அளவுத்தகடு எதையும் அவர் எடுக்கவில்லை. இங்கிலாந்துக் கையேடு சொன்னதும் இதையேதான்: குளிர்ந்த நிலையில் இடைவெளி பூஜ்யம், கம்பி விரலுக்குச் சுழல வேண்டும்.

*

விரலை நம்பிய இந்த எஞ்சின் சென்னைக்கு வந்த கதை தனி. ரெடிட்ச் ஊசி செய்வதற்குப் பேர்போன ஊர். ராயல் என்ஃபீல்டின் வேரும் 1851இல் ஜார்ஜ் டவுன்செண்ட் அங்கே தொடங்கிய ஊசிப் பட்டறைதான். இந்திய ராணுவம் 1950களின் தொடக்கத்தில் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. 1956இல் திருவொற்றியூர் ஆலை திறந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 163 வண்டிகள் வெளிவந்தன. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன. பின்னர் அச்சுகளும் கருவிகளும் வந்து, பாகங்களே இங்கு உருவாயின. ரெடிட்ச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் தாய் நிறுவனத்தின் கதையே முடிந்தது. 1977இல் திருவொற்றியூர் வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கின.

தாய்வீட்டில் மறைந்த எஞ்சின் இங்கே பெரிய மாற்றமின்றி நீடித்ததற்குப் போட்டியற்ற சந்தை ஒரு காரணம். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. அன்றைய சென்னைச் சாலைகளில் ஓடிய ராஜ்தூத், எஸ்டி, லாம்பிரெட்டா எல்லாம் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். அவற்றில் இத்தகைய வால்வுகளே இல்லை. இருசக்கர மெக்கானிக் டேப்பெட் கற்க வேண்டுமானால் புல்லட்டிடம்தான் கற்றாக வேண்டும். தி.நகரிலும் மந்தைவெளியிலும் ‘புல்லட் மெக்கானிக்’ என்று ஒரு தனி வகையினர் உருவானது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஆலையை விட்டு வண்டி வெளியேறும்போது வேலை முடிந்துவிடவில்லை. கடைசித் திருத்தம் ஒவ்வொரு சில ஆயிரம் கிலோமீட்டருக்கும் ஒரு மரத்தடியில் நடந்துகொண்டே இருந்தது. திருவொற்றியூரின் வரலாறு என்றால் இந்த மரத்தடிகளையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

*

1994இல் ஆலை ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது. 2008-09இல் வந்த புதிய எஞ்சின்களில் ஹைட்ராலிக் டேப்பெட்கள் இடம்பெற்றன. எண்ணெய் அழுத்தமே இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். திறக்க மூடியும் இல்லை, திருப்பத் திருகும் இல்லை. உலகுக்கு இது புதிதன்று. 1930இலேயே காடிலாக் காரின் பதினாறு சிலிண்டர் எஞ்சினில் இந்த ஏற்பாடு இருந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக, வார்ப்பிரும்பு எஞ்சின் விடைபெற்றது. 2023இல் வந்த புல்லட்டில் கேமே தலைக்கு ஏறிவிட்டதால் புஷ்ராடும் இல்லை.

இதை இழப்பு என்று மட்டும் சொல்வது நேர்மையாகாது. எண்ணெய் கசியாத, காலையில் ஒரு பொத்தானுக்குக் கிளம்பும் வண்டி நல்ல வண்டிதான். என்னைப் போன்ற அரைகுறைக் கைகளிடமிருந்து எஞ்சினைக் காப்பதும் நன்மையே. ஆனால் பழைய எஞ்சின்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. அவற்றுக்கான உதிரிபாகம் புதுப்பேட்டையில் கிடைக்கிறது. விரல் கிடைப்பதுதான் அரிதாகி வருகிறது.

அன்று வேலை முடிந்து எஞ்சின் கிளம்பியதும், அடியில் மெல்லிய டிக் டிக் கேட்டது. “சத்தம் வருதே” என்றேன்.

“வரட்டும் சார். பேசுற டேப்பெட் வால்வைக் கெடுக்காது” என்றார் பெரியவர்.

இன்று அந்தப் பட்டறை இல்லை. காலையில் எஞ்சினில் கைவைத்து, ஆறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே நான் மூடியைத் திறக்கிறேன். என் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து கம்பியை உருட்டிப் பார்க்கிறாள்.